மேசையில் வைத்தாலும் 150 துடிப்பு காட்டுகிறதே, ஏன்?

கேள்வி: மதுரை செல்லூரில் இருக்கிறோம். நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் இறுதியாண்டு மாணவி. தாத்தாவுக்கு 71 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். அசைவை அளக்கும் எம்பியு 6050 சென்சரை இஎஸ்பி 32 என்ற சின்னக் கணினி போர்டோடு இணைத்து, தாத்தாவின் நெஞ்சில் டேப் போட்டு ஒட்டி, இதயத் துடிப்பை எடுத்துப் பார்க்கிறேன். அலை வருகிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. சில நேரம் 72, சில நேரம் 144. சென்சரைக் கழற்றி மேசையில் வைத்தால் ஒன்றும் வரக்கூடாது, 150 காட்டுகிறது. கீழ்வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தாத்தா படுப்பது கயிற்றுக் கட்டிலில். மூன்று அச்சில் முடுக்கம், மூன்று அச்சில் சுழற்சி என்று ஆறு அளவுகளையும் 9600 பாட் வேகத்தில் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறேன். நடுவில் 5 மில்லி விநாடி டிலே வைத்திருக்கிறேன். எங்கே ஒட்டுவது, எப்படிச் சரிசெய்வது? தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தால் அட்டாக்கா இல்லையா என்று இதை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம், தாத்தாவின் உயிர் சம்பந்தப்பட்டது அது. பார்த்துக்கொள்ள முடியாது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அது இசிஜியில் மின்னலையின் வடிவம் மாறுவதாகத் தெரியும். சிலருக்கு முதல் இசிஜியில்கூடத் தெரியாது. திரும்பத் திரும்ப எடுத்த இசிஜியிலும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையிலும்தான் பிடிபடும். உங்கள் சென்சருக்கு மின்னலை தெரியாது, அசைவு மட்டும்தான் தெரியும். தசையின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் தவிக்கும்போதும் வால்வுகள் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும். திரையில் 78 என்று சீராக ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'வாயுப் பிடிப்புதான்' என்று காத்திருக்கும் நேரத்தில் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே தாத்தாவுக்கு நெஞ்சு அழுத்தமோ, இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ, மூச்சுத் திணறலோ வந்தால் சென்சரைத் தேடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போக நேரம் ஆகும் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போய்விடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பிறகு புராஜெக்டுக்கு வாருங்கள்.

புராஜெக்ட் நல்ல புராஜெக்ட்தான். நெஞ்செலும்பின் மேல் வைத்த முடுக்கமானியில் (வேகம் மாறுவதை அளப்பது) இதயத்தின் அசைவைப் பதிவதற்கு சீஸ்மோகார்டியோகிராஃபி என்று பெயர். ஜைரோஸ்கோப்பில் (திரும்பும் வேகத்தை அளப்பது) பதிந்தால் ஜைரோகார்டியோகிராஃபி. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது உடம்பு முழுக்கவே மெல்ல ஆடுகிறது என்பதை 1877லேயே கார்டன் என்பவர் எழுதிவைத்தார். 1930களின் கடைசியில் பிலடெல்பியாவில் ஐசக் ஸ்டார் என்ற டாக்டர், ஆளை ஆடும் மேசையில் படுக்கவைத்து அதை அளந்தார். நெஞ்செலும்பில் நேரடியாக அளக்கும் முறை 1960களில் சோவியத் நாட்டில் வந்தது, 1990 வாக்கில் சலெர்னோ, ஜனெட்டி என்ற ஆய்வாளர்கள் மருத்துவப் பயன்பாட்டுக்கு அதை எடுத்துச் சென்றார்கள். அப்போது பெட்டி அளவுக் கருவியில் செய்ததை இன்று இருநூறு ரூபாய்ச் சிப்பில் செய்துபார்க்க முடிகிறது. ஆனால் அந்தச் சிப்புக்கு இதயம் எது, தறி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதைப் பிரிப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் கடிதத்தில் இருக்கும் பல பிரச்சினைகள் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

மேசையில் வந்த 150ஐ எடுத்துக்கொள்வோம். பழைய மாதிரி விசைத்தறி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 160 தடவை ஊடை (குறுக்கு நூல்) போடும். கைக்கடிகாரத்தை வைத்துக் கீழ்வீட்டுத் தறியின் அடியை 30 விநாடி எண்ணுங்கள். 75 வந்தால் உங்கள் 150 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். அது தரை வழியாக, மேசைக்கால் வழியாக ஏறி வந்த எண். தறி நின்றிருக்கும்போதும் ஏதோ ஒரு எண் வந்தால் வேறு காரணம் இருக்கிறது: உச்சியைத் தேடும் நிரல்களில் பெரும்பாலும் வாசல் அளவு (இதைத் தாண்டினால்தான் துடிப்பு என்று எண்ணும் எல்லை) தானாக இறங்கிக்கொள்ளும்படி எழுதியிருப்பார்கள். சிக்னல் இல்லாவிட்டால் வாசல் இறங்கி இறங்கி, சென்சரின் சொந்த இரைச்சலையே துடிப்பாக எண்ணத் தொடங்கும். வாசலுக்கு ஒரு கீழ்வரம்பு வையுங்கள். அதற்குக் கீழே எண்ணுக்குப் பதிலாக 'சிக்னல் இல்லை' என்றே காட்டட்டும். ஆள் மேல் ஒட்டாத சென்சர் எண் எதையும் காட்டவில்லை என்பதை உறுதிசெய்த பிறகுதான் ஆள் மேல் ஒட்டுவது முறை.

தறியைச் சமாளிக்க நேரான வழி, சாப்பாட்டு வேளையில் தறி நிற்கும்போது பதிவு எடுப்பது. அது முடியாதபோது இரண்டாவது சென்சர் ஒன்றைத் தரையில், தாத்தாவின் இடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எம்பியு 6050யில் ஏடி0 என்று ஒரு முனை இருக்கிறது, அதை 3.3 வோல்ட்டில் இணைத்தால் முகவரி மாறிவிடும், இரண்டு சென்சரும் ஒரே ஐ2சி கம்பியில் (சென்சரும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) ஓடும். இரண்டிலும் ஒரே தாளம் தெரிந்தால் அது இதயம் இல்லை. தரைச் சென்சரின் பதிவுக்கு அலைவெண் பகுப்பு (எந்த வேகத்தில் எவ்வளவு அதிர்வு என்று பிரிக்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள்: 2.5 ஹெர்ட்ஸிலும் 5, 7.5 என்று அதன் மடங்குகளிலும் ஊசி ஊசியாக நிற்கும். அந்தப் படம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய படம்.

துடிப்புக்குத் துடிப்பு வடிவம் மாறுவதற்குப் பெரிய காரணம் 9600 பாட். 9600 பாட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து. ஆறு அளவுகளை, காற்புள்ளி சேர்த்து, வரிக்கு 40 எழுத்தாக அனுப்பினால் விநாடிக்கு 24 வரிதான் போகும். 5 மில்லி விநாடி டிலே வைத்ததால் விநாடிக்கு 200 அளவு வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். சீரியல் போர்ட் காலியாகும்வரை நிரல் காத்து நிற்பதால் வருவது 24. நெஞ்செலும்பின் அசைவில் முக்கியமான பகுதி 20, 25 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. விநாடிக்கு 24 மாதிரி எடுத்தால் 12 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் மடிந்து, குறைந்த அலைவெண் போலத் தெரியும். ஒரு துடிப்பின் கூர்முனை இரண்டு மாதிரிகளுக்கு நடுவே போய்விடும், அடுத்ததன் முனை மாட்டிக்கொள்ளும். தாத்தாவின் இதயம் ஒரே மாதிரி துடித்தாலும் இப்படித்தான் ஆகும். உங்கள் பதிவுதான் மாறுகிறது.

சீரியல் வேகத்தை 921600 ஆக்குங்கள். உங்கள் போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப் தாங்காவிட்டால் 460800 போதும். டிலேயை எடுத்துவிட்டு, சென்சரின் ஐஎன்டி முனையை இஎஸ்பி 32க்குக் கொடுத்து, புது அளவு தயாரானதும் படியுங்கள். ஒவ்வொரு அளவோடும் மைக்ரோ விநாடி நேரமுத்திரையைச் சேர்த்து அனுப்புங்கள். எங்கே மாதிரி தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க அது உதவும். துடிப்பு எண்ண மட்டும் விநாடிக்கு 200 மாதிரி போதும். வால்வு நேரங்களை அளக்க 500 வேண்டும். எம்பியு 6050யின் அடிப்படை வேகம், சிப்புக்குள்ளேயே இருக்கும் உள்வடிகட்டி ஓடும்போது 1000. வகுக்கும் எண்ணை 4 என்று வைத்தால் 200, 1 என்று வைத்தால் 500. ஐ2சியை 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒருமுறை 14 பைட் படிக்க அரை மில்லி விநாடிகூட ஆகாது. 100 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லி விநாடி. 500 மாதிரிக்கு அது மிகவும் இறுக்கம். வைஃபையை அணைத்துவிடுங்கள்.

உள்வடிகட்டி என்று சொன்னது முக்கியமானது. சென்சரை எழுப்பியபின் அதைத் தொடாமல் விட்டால் அமைப்பு 0வில் நிற்கும். முடுக்கமானி 260 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளே விடும். தாத்தா பேசினால் நெஞ்சில் எழும் அதிர்வும் அதில் சேரும். இந்தச் சிப்பின் இரைச்சல் அளவு ரூட் ஹெர்ட்ஸுக்கு 400 மைக்ரோ ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் முடுக்கம்). 260 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப் போட்டால், அதாவது 260ன் வர்க்கமூலத்தால் பெருக்கினால், இரைச்சல் மட்டுமே 6.4 மில்லி ஜி. இதயம் நெஞ்செலும்பில் எழுப்பும் முனை பலருக்கு 10, 20 மில்லி ஜிக்குள்தான். அமைப்பு 3 என்று வைத்தால் அகலம் 44 ஹெர்ட்ஸாகச் சுருங்கி இரைச்சல் 2.7 மில்லி ஜிக்கு இறங்கும். அலை தெரியும், ஆனாலும் அழுக்காகத்தான் தெரியும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அதே சிப்புக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் இந்த வேலைக்கு முடுக்கமானியைவிட நல்லது. அதன் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 0.005 டிகிரி, 42 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 0.03 டிகிரி. இதயம் நெஞ்சுச் சுவரைத் திருப்பும் வேகமோ விநாடிக்கு ஒரு டிகிரியும் அதற்கு மேலும். முடுக்கமானியில் சிக்னல் இரைச்சலின் நாலைந்து மடங்கு என்றால், ஜைரோவில் முப்பது மடங்குக்கு மேல். தறியின் அதிர்வு தரையை மேலும் கீழும், பக்கவாட்டிலும்தான் தள்ளுகிறது, திருப்புவது குறைவு. அதனால் தறியும் ஜைரோவில் குறைவாகத்தான் விழும். ஜைரோ வீச்சைக் கூட்டல் கழித்தல் 250 டிகிரியில் வையுங்கள். அதில் ஒரு டிகிரிக்கு 131 எண். நெஞ்சின் தளத்துக்கு இணையான இரண்டு அச்சுகளையும் பதிந்து, எது தாத்தாவுக்கு வலுவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முடுக்கமானியில் நெஞ்சுக்குச் செங்குத்தான அச்சு ஒன்று போதும். பிற்பாடு காசு இருந்தால் ஏடிஎக்ஸ்எல் 355 வாங்கலாம், அதன் இரைச்சல் 22.5 மைக்ரோ ஜிதான்; ஆனால் விலை பல மடங்கு, இந்தப் புராஜெக்டுக்குத் தேவையில்லை.

இனி ஒட்டுவது. கழுத்துக்குக் கீழே இரண்டு காறையெலும்பும் சந்திக்கும் குழியில் விரலை வைத்து, நெஞ்செலும்பின் நடுவே நேராகக் கீழே இறக்குங்கள். எலும்பு முடிந்து வயிறு மெத்தென்று தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து இரண்டு விரல் அகலம் மேலே, நடுக்கோட்டில் ஒட்டுங்கள். இடது மார்பில் துடிப்பு கைக்குத் தட்டும் இடத்தில் ஒட்டலாமே என்று தோன்றும். அங்கே தசையும் கொழுப்பும் இருப்பதால் ஆளுக்கு ஆள், மூச்சுக்கு மூச்சு வடிவம் மாறும். எலும்பின் மேல் ஒட்டினால்தான் இன்று எடுத்ததும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒப்பிடக்கூடியதாக இருக்கும். இடத்தைப் பேனாவால் குறித்து, குழியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

சென்சர் போர்டில் பின் வரிசையைச் சால்டர் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். பின் குத்திக்கொண்டு நின்றால் போர்டு தோலில் படியாது, ஓரத்தில் நின்று ஆடும். ஜம்பர் வயரும் வேண்டாம். தாத்தா மூச்சு விடும்போது அதன் முனை லேசாக நெகிழ்ந்தாலே பதிவில் முள் மாதிரிக் கோடுகள் விழும். மெல்லிய ஐந்து வயர்களை நேரடியாகச் சால்டர் செய்து, பின்பக்கச் சால்டர் மேடுகளை மட்டமாக வெட்டி, முழுப் போர்டையும் கேப்டான் (Kapton) என்ற காப்பு டேப்பால் சுற்றுங்கள். மதுரை வெயிலில் அரைமணி நேரத்தில் வியர்வை வந்துவிடும். உப்புத் தண்ணீர் சால்டர் முனைகளுக்கு நடுவே போனால் ஐ2சி நின்றுபோகும். ஒட்டுவதற்கு மெல்லிய இரட்டைப் பக்க டேப். பஞ்சு போன்ற தடித்த ஃபோம் டேப் கூடவே கூடாது, அது நடுவில் நின்று அசைவை வாங்கிக்கொள்ளும். ஒட்டும் முன் பவுடரையும் வியர்வையையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். போர்டுக்கு மேலே மைக்ரோபோர் டேப்பைச் சிலுவையாகப் போடுங்கள். வயரை ஒரு வளைவு விட்டு, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு டேப்பால் தோலோடு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வயரின் இழுப்பையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். இஎஸ்பி 32ம் பேட்டரியும் நெஞ்சில் வேண்டாம், இடுப்புப் பக்கம் இருக்கட்டும்.

கயிற்றுக் கட்டிலில் எடுத்த பதிவுகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். கயிறு ஒரு ஸ்பிரிங். அதன் மேல் ஆள் படுத்தால் ஆளும் கட்டிலும் சேர்ந்து சில ஹெர்ட்ஸில் ஆடும், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அந்த ஆட்டம் அடங்க நேரம் ஆகும். சிமெண்ட் தரையில் பாய் விரித்து, தலைக்கு மெல்லிய தலையணை வைத்து, மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது தாத்தாவுக்குச் சிரமம் என்றால் மரப்பலகைக் கட்டில் போதும்.  ஐந்து நிமிஷம் அமைதியாகப் படுத்தபின் பதிவைத் தொடங்குங்கள். சீலிங் ஃபேனும் ஒரு எதிரி. நிமிஷத்துக்கு 360 சுற்று சுற்றினால் 6 ஹெர்ட்ஸ், மூன்று இறக்கைக்குக் காற்று வந்து மோதுவது 18 ஹெர்ட்ஸ். இரண்டுமே நீங்கள் தேடும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. பதிவெடுக்கும் இரண்டு நிமிஷம் மட்டும் ஃபேனை நிறுத்துங்கள். சட்டையை மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், சட்டை படபடத்தால் அதுவும் பதியும். வீட்டில் கிரைண்டர் ஓடினால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது எடுக்க ஆசைப்பட வேண்டாம். நடையின் முடுக்கம் நூற்றுக்கணக்கான மில்லி ஜி. காலடி விநாடிக்கு இரண்டு, அதன் மடங்குகள் இதய அலைவெண்ணின் மேலேயே வந்து விழும். வடிகட்டி எதுவும் இரண்டையும் பிரிக்காது.

72க்குப் பதில் 144 வருவதற்கு வருவோம். நெஞ்செலும்பு ஒரு துடிப்புக்கு இரண்டு முறை அதிர்கிறது. இசிஜியில் கியூ அலை (உயரமான கூர்முனைக்குச் சற்று முன் வரும் சின்னப் பள்ளம்) தொடங்கி ஏறக்குறைய 100 மில்லி விநாடி கழித்து, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வு திறக்கும்போது பெரிய அதிர்வு. அதற்குப் பின் 290 மில்லி விநாடி வாக்கில் அந்த வால்வு மூடும்போது சின்ன அதிர்வு. சிலருக்கு இரண்டாவதும் முதலாவதின் அளவுக்கே வரும், படுக்கும் வாகைப் பொறுத்துப் பெரிதாகவும் வரலாம். நிரல் இரண்டையும் எண்ணினால் 144.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். ஜைரோவின் இரண்டு அச்சையும் 5 முதல் 25 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் விடுங்கள். மூச்சின் ஏற்ற இறக்கம் 0.2, 0.3 ஹெர்ட்ஸ் என்பதால் அது இங்கேயே கழிந்துவிடும். முடுக்கமானியை வைத்துச் செய்தால் இந்தப் படி இன்னும் அவசியம்: சென்சர் ஒரு டிகிரி சாய்ந்தாலே புவியீர்ப்பால் பக்கவாட்டு அச்சில் 17 மில்லி ஜி வந்துவிடும், அது இதயத்தின் சிக்னலுக்குச் சமம். வடிகட்டியபின் இரண்டு அச்சையும் வர்க்கமாக்கிக் கூட்டி, 150 மில்லி விநாடிச் சராசரியால் மழுங்கடியுங்கள். துடிப்புக்கு இரண்டு மேடு வரும். உச்சிகளை நேரடியாக எண்ணாமல், ஆறு விநாடித் துண்டு எடுத்துத் தன்னொப்புமை (அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அதனோடேயே ஒப்பிடுவது) கணக்கிட்டு, 0.33 முதல் 1.5 விநாடிக்குள் எந்த இடைவெளியில் ஒப்புமை அதிகமோ அதைத் துடிப்பு இடைவெளியாகக் கொள்ளுங்கள். 72 துடிப்பில் மேடுகளின் நடுவே உள்ள தூரம் 290, 540 என்று மாறி மாறி வருவதால் 830தான் வெல்லும். நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் அந்த இரண்டு தூரமும் நெருங்கிவிடும், மறுபடி இரட்டிப்பு வரும். அப்போது பாதி இடைவெளியும் முழு இடைவெளியும் கிட்டத்தட்டச் சமமாக நின்றால் முழு இடைவெளியையே எடுக்கச் சொல்லுங்கள். துண்டுக்குள் எங்காவது 100 மில்லி ஜிக்கு மேல் அசைவு இருந்தால், தாத்தா இருமினார் அல்லது புரண்டார் என்று பொருள். அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் திரையில் வரும் எண்ணை இசிஜியோடு ஒப்பிடாமல் நம்பக்கூடாது. ஏடி 8232 இசிஜி மாட்யூல் டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் கிடைக்கும். அதன் வெளியீட்டை அதே இஎஸ்பி 32ன் ஜிபிஐஓ 34 முனைக்குக் கொடுங்கள். இரண்டும் ஒரே போர்டில், ஒரே கடிகாரத்தில் பதிய வேண்டும். தனித்தனிக் கருவியில் எடுத்துப் பிறகு பொருத்துவது தலைவலி. எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மலிவுச் சார்ஜரில் கசிவு இருந்தால் அது எலக்ட்ரோடு வழியாக நெஞ்சுக்குள் போகும், இருப்பது இதய நோயாளி. போர்டுக்குத் தனி பேட்டரி வைத்தால் பவர் பேங்க் சில நேரம் ஏமாற்றும்: வைஃபை அணைத்த இஎஸ்பி 32 இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் தானாக நின்றுவிடும்.

ஒப்பிடும்போது நிமிஷச் சராசரியை ஒப்பிடாதீர்கள். ஒரு துடிப்பைத் தவறவிட்டு ஒரு பொய்த் துடிப்பை எண்ணினாலும் சராசரி 72தான் வரும். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை எடுத்து, இசிஜி இடைவெளியோடு கழித்து, சராசரி வித்தியாசத்தையும் திட்ட விலக்கத்தின் 1.96 மடங்கு எல்லைகளையும் படமாகப் போடுங்கள். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் 1986ல் சொன்ன முறை இது. ஒட்டுறவுக் கெழு 0.99 என்று மட்டும் எழுதினால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. எத்தனை துண்டுகளை எறிந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நூறில் நாற்பதை எறிந்துவிட்டு மிச்சத்தில் துல்லியம் காட்டுவது துல்லியம் ஆகாது.

இசிஜி கையில் வந்துவிட்டால் இன்னொரு அருமையான அளவு கிடைக்கும். ஆர் முனைகளை (இசிஜியின் உயரமான கூர்முனைகள்) ஒரே நேரத்தில் நிறுத்தி 36 துடிப்பின் ஜைரோ அலைகளைச் சராசரி எடுங்கள். இரைச்சல் ஆறில் ஒன்றாகும். மலிவுச் சென்சரை இது காப்பாற்றிவிடும். அந்தச் சராசரி அலையில் வால்வு திறக்கும், மூடும் நேரங்களைக் குறிக்கலாம். சரியா என்று பார்க்க வைஸ்லர் என்ற இதய மருத்துவர் தந்த கணக்கு இருக்கிறது: ஆண்களுக்கு ரத்தம் வெளியேறும் நேரம் 413லிருந்து நிமிஷத் துடிப்பின் 1.7 மடங்கைக் கழித்தது. கியூ அலை தொடங்கி வால்வு திறக்கும்வரையான நேரம் 131லிருந்து துடிப்பின் 0.4 மடங்கைக் கழித்தது. இரண்டும் மில்லி விநாடியில். துடிப்பு 70 என்றால் 294, 103, இரண்டாவதை முதலாவதால் வகுத்த விகிதம் 0.35. இதயத்தின் தள்ளும் சக்தி குறைந்தால் முதலாவது சுருங்கும், இரண்டாவது நீளும், விகிதம் ஏறும். உங்கள் வகுப்பில் நல்ல ஆரோக்கியமான நண்பர்களிடம் ரத்தம் வெளியேறும் நேரம் 200 என்றோ 500 என்றோ வந்தால் நீங்கள் குறித்த முனை தப்பு. அமைப்பு 3ல் உள்வடிகட்டி மட்டுமே கிட்டத்தட்ட 5 மில்லி விநாடி தாமதம் தரும் என்பதைக் கழியுங்கள். கம்ப்யூட்டரில் வடிகட்டும்போது பைத்தானின் ஃபில்ட்ஃபில்ட் போல முன்னும் பின்னும் ஓடும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். சாதா வடிகட்டி அலையை நகர்த்திவிடும். தாத்தாவின் விகிதத்தைக் கணக்கிட்டு அவரிடம் சொல்லிவிடாதீர்கள். முனை எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்து இதய பலம் சொல்ல எக்கோ எடுத்த டாக்டருக்குத்தான் தகுதி.

ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிக்க முடியுமா என்று அடுத்து யோசிப்பீர்கள். ஓரளவு முடியும். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகக் குழு 2018ல் 300 நோயாளிகளிடம், செல்போனை நெஞ்சில் வைத்து அதன் அசைவுச் சென்சர்களாலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய்) பிரித்துக் காட்டியது. நோய் உள்ளவர்களை 95 சதவீதமும் இல்லாதவர்களை 96 சதவீதமும் சரியாகச் சொன்னது. ஆனால் அது படுத்த நிலையில், டாக்டர்கள் இசிஜியோடு வைத்துப் பார்த்தது. வீட்டில் வரும் சிக்கல் வேறு. முந்திக்கொண்டு வரும் துடிப்பில் இதயம் நிரம்பியிருக்காது, உதை மெலிதாக இருக்கும், சென்சர் அதைத் தவறவிடும். இசிஜியில் 'கூடுதல் துடிப்பு' என்று தெரிவது உங்கள் திரையில் 'ஒன்றரை விநாடி நின்றது' என்று தெரியும். வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள். எனவே தாத்தாவின் பதிவில் அலாரம் எதையும் வைக்காதீர்கள். இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் தொடர்ந்து வந்தால், அதை அடுத்த செக்கப்பில் சொல்லி இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

செல்போனை வைத்து நீங்களும் ஒத்துப்பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் ஃபைபாக்ஸ் செயலி இலவசம். ஜைரோ அளவுகளைப் பதிந்து கோப்பாகக் கொடுக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நெஞ்சில் மட்டும் போனை வைக்காதீர்கள். போனில் இருக்கும் காந்தம் 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

முதல் பதிவுகளை உங்கள் மேலும் நண்பர்கள் மேலும் எடுங்கள். இளைஞர்களிடம் மூச்சை வெளியே விட்டுப் பத்து விநாடி நிறுத்தச் சொன்னால் அலை மிகச் சுத்தமாக வரும், அதை வைத்து நிரலைச் சரிசெய்துகொள்ளலாம். தாத்தாவிடம் மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம், முக்குவதும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார், வயதான தோல் மெல்லியது. டேப்பைச் சடாரென்று உரித்தால் தோல் கன்றிப்போகும். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நிமிஷம் ஊறவைத்து, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல மடித்து எடுங்கள். சிவப்பு மறுநாளும் போகவில்லை என்றால், தோல் ஆறும்வரை பதிவை நிறுத்திவையுங்கள்.